ஒரு டைல்ஸ் உடைந்தால் சுவரையே இடிக்க வேண்டுமா?

தட்டிப் பார்த்தால் சுவரே பதில் சொல்லும்! வீட்டில் இருப்பவர்களே செய்யக்கூடிய சின்ன மராமத்து

"டமார்!"

குளியல் அறையில் இரும்பு வாளி சுவரில் மோதுகிறது. பளபளப்பான டைல்ஸ் ஒன்றில் குறுக்கே விரிசல் விழுந்து விடுகிறது.

"ஒரு டைல்ஸ்தானே? போகட்டும்" என்கிறார் வீட்டுக்காரர்.

"ஒன்றை எடுக்கப் போனால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து வரும். மொத்தத்தையும் உடைத்துப் புதிதாக ஒட்டலாம்" என்கிறார் அவருடைய மைத்துனர்.

இரண்டு பேர் சொல்வதும் சரி அல்ல.

விரிசலை அப்படியே விட்டால் சுவர் கெடும். மொத்தத்தையும் உடைத்தால் பணம் கரையும். உடைந்த ஒன்றை மட்டும் எடுத்து, வேறு ஒன்றைப் பதிக்க முடியும். அதற்குப் பெரிய கருவிகள் வேண்டாம். கொஞ்சம் பொறுமையும் ஜாக்கிரதையும் இருந்தால் போதும்.

அது எப்படி? பார்ப்போம்.

ஓமந்தூர் வட்டாரத்தில் பெய்த மழை

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது ஓமந்தூர். 1947-ம் ஆண்டு மார்ச் முதல் 1949-ம் ஆண்டு ஏப்ரல் வரை சென்னை மாகாண அரசுக்குத் தலைமை வகித்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் பிறந்த ஊர். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். எளிமைக்கும் சிக்கனத்துக்கும் பெயர் பெற்றவர்.

அந்தக் காலத்தில் கிராமத்து வீடுகளில் குளியல் என்றால் கிணற்றடிதான். கல் மேல் நின்று குளிப்பார்கள். தண்ணீர் வாழை மரத்துக்குப் போகும். சுவருக்கும் குளியலுக்கும் சம்பந்தம் கிடையாது.

இன்று அப்படி அல்ல. கிராமங்களிலும் வீட்டுக்குள்ளேயே குளியல் அறை வந்துவிட்டது. சுவரில் டைல்ஸ் ஏறிவிட்டது. சமையல் மேடைக்கு மேலும் டைல்ஸ் பளபளக்கிறது.

2024-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி இரவு, "பெஞ்சல்" புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. விழுப்புரம் மாவட்டத்தில் மழை கொட்டித் தீர்த்தது. திண்டிவனத்துக்கு அருகே உள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை!

அப்படிப்பட்ட மழை ஓய்ந்த பிறகும், சுவருக்குள் ஈரம் நாள் கணக்கில் நிற்கும். சுண்ணாம்பு உதிரும். உப்புப் பூக்கும். சுவருக்குத் தண்ணீர் எப்படிப்பட்ட பகை என்பது அந்த வட்டாரத்து மக்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் புயல் மழை எப்போதோ ஒரு முறைதான் வருகிறது. குளியல் அறையிலோ தினமும் மழைதான்! வீட்டில் 5 பேர் இருந்தால், ஒரு நாளைக்கு 5 முறை அந்த விரிசலில் தண்ணீர் அடிக்கிறது. உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழி இல்லை. முன்புறம் டைல்ஸ் மூடிக்கொண்டு இருக்கிறது. ஆகையால் அது சுவரின் மறுபக்கத்துக்குப் போகிறது. அங்கே படுக்கை அறையில் சுண்ணாம்பு பொரிந்து விழுகிறது.

அது மட்டும் அல்ல. இப்போது பல வீடுகளில் மின்சார வயர் சுவருக்குள்ளேயே போகிறது. ஈரச் சுவரும் பழுதான வயரும் சேர்ந்தால் உயிருக்கே அபாயம்.

ஆகவே, "ஒரு டைல்ஸ்தானே" என்று அலட்சியமாக இருக்கக் கூடாது.

முதலில் தட்டிப் பாருங்கள்

பானை வாங்கப் போகும் தாய்மார்கள் என்ன செய்வார்கள்? விரலால் தட்டிப் பார்ப்பார்கள். "டங்" என்று கேட்டால் நல்ல பானை. "டப்" என்று கேட்டால் ஓட்டைப் பானை.

டைல்ஸுக்கும் அதே சோதனைதான்!

ஒரு மரக்கரண்டிக் காம்பை எடுத்துக்கொள்ளுங்கள். உடைந்த டைல்ஸையும், அதைச் சுற்றி உள்ள டைல்ஸையும் மெதுவாகத் தட்டுங்கள். கெட்டியான சத்தம் வந்தால் பின்னால் கலவை நன்றாகப் பிடித்திருக்கிறது. வெற்றுப் பெட்டியைத் தட்டியதுபோலப் பொத்தல் சத்தம் வந்தால், பின்னால் காலி இடம் இருக்கிறது. அந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள்.

இது நம் ஊர்ச் சோதனை மட்டும் அல்ல. ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்தில் "ஆபெரா ஹவுஸ்" என்ற புகழ் பெற்ற இசை அரங்கம் இருக்கிறது. 1973-ம் ஆண்டில் திறக்கப்பட்டது. சங்குபோல வளைந்த அதன் கூரையில் 10 லட்சத்து 56 ஆயிரத்து 6 டைல்ஸ் பதித்திருக்கிறார்கள். அவை சுவீடன் நாட்டில் செய்யப்பட்டவை. ஊழியர்கள் கயிற்றில் தொங்கிக்கொண்டு, சுத்தியலால் தட்டி, சத்தத்தைக் கேட்டுத்தான் அந்த டைல்ஸைச் சோதிக்கிறார்கள்!

தட்டிப் பார்த்ததில் என்ன தெரிகிறது?

ஒரே ஒரு டைல்ஸ் மட்டும் உடைந்து, சுற்றிலும் கெட்டியான சத்தம் கேட்டால், கவலை இல்லை. அடிபட்டு உடைந்திருக்கிறது. அதை மட்டும் மாற்றலாம்.

விரிசல் ஒரு டைல்ஸில் தொடங்கி, அடுத்தது, அதற்கு அடுத்தது என்று கோடு போட்டதுபோல ஓடினால், உடைந்தது டைல்ஸ் அல்ல. பின்னால் சுவரே விரிந்திருக்கிறது. டைல்ஸை மாற்றினாலும் திரும்பவும் உடையும்.

வரிசையாகப் பல டைல்ஸ் பொத்தல் சத்தம் தந்தால், முதலில் ஒட்டியபோதே வேலை சரியில்லை. அல்லது உள்ளே குழாய் கசிகிறது. இந்த இரண்டு விஷயங்களுக்கும் கொத்தனாரைக் கூப்பிட வேண்டும்.

குழாய் கசிகிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி. இரவில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, மாடித் தொட்டியில் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் கோடு போடுங்கள். காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன்னால் பாருங்கள். மட்டம் கணிசமாக இறங்கி இருந்தால், எங்கோ கசிவு இருக்கிறது.

ஜோடி டைல்ஸ் எங்கே?

உடைப்பதற்கு முன்னால், பதிப்பதற்கு டைல்ஸ் கையில் இருக்க வேண்டும். பலர் முதலில் உடைத்துவிட்டு, பிறகு கடை கடையாக அலைகிறார்கள்.

முதலில் வீட்டுப் பரணில் தேடுங்கள். வீடு கட்டியபோது மிஞ்சிய டைல்ஸ் அங்கே கிடக்கலாம்.

இல்லாவிட்டால், உடைந்த டைல்ஸைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நீளம், அகலம் அளந்துகொள்ளுங்கள். உதிர்ந்த சில்லு ஒன்று இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு, திண்டிவனம், விழுப்புரம் போன்ற ஊர்களில் உள்ள பழைய டைல்ஸ் கடைகளில் கேளுங்கள். நிறம் மட்டும் பார்த்தால் போதாது. கனமும் ஒத்திருக்க வேண்டும். கனம் கூடினால் சுவரில் துருத்திக்கொண்டு நிற்கும்.

நம் நாட்டில் தயாராகும் டைல்ஸில் பெரும் பகுதி, குஜராத் மாநிலத்தில் உள்ள மோர்பி என்ற ஊரில் இருந்து வருகிறது. அங்கே புதுப் புது மாதிரிகள் வந்துகொண்டே இருக்கின்றன. பழைய மாதிரி நின்றுவிடுகிறது. ஒரே மாதிரியிலும், சூளையில் இருந்து வந்த தடவைக்குத் தடவை நிறம் சற்று மாறும். அதனால்தான் பெட்டியின்மேல் நிற எண் போடுகிறார்கள்.

செட்டிநாட்டுப் பக்கம் இந்தக் கஷ்டம் பழக்கமானது. கடல் கடந்து பொருள் ஈட்டிய நகரத்தார், ஜப்பானில் இருந்தும் ஐரோப்பாவில் இருந்தும் பூப்போட்ட ஓடுகளைக் கொண்டுவந்து சுவரில் பதித்தார்கள். அதில் ஒன்று உடைந்தால் ஜப்பானுக்கா ஓட முடியும்? காரைக்குடியில் முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. இடித்த பழைய வீடுகளில் இருந்து வந்த சாமான்களை அங்கே விற்கிறார்கள். பழைய ஓடு தேடுகிறவர்கள் அங்கே போவது உண்டு.

ஜோடி கிடைக்கவே இல்லையா? ஒரு யுக்தி இருக்கிறது. மாறுபட்ட நிறத்தில் அழகான டைல்ஸாகவே 3 வாங்குங்கள். உடைந்த இடத்தில் ஒன்றைப் பதியுங்கள். பின்னால் வேறு டைல்ஸ் உடைந்தால் மற்றவற்றைப் பதிக்கலாம். ஒட்டுப் போட்டதுபோலத் தெரியாது. பூ வைத்ததுபோலத் தெரியும்.

என்னென்ன சாமான் வேண்டும்?

சின்ன உளி. சின்னச் சுத்தியல். ஆக்சா பிளேடுத் துண்டு. இரும்பு ஆணி. கொத்துக்கரண்டி. நேரான மரச் சட்டம். ஒட்டும் நாடா. தீக்குச்சிகள். டைல்ஸ் ஒட்டும் பசைப் பொடி. இடுக்கில் பூசும் பொடி. பழைய துணி, பஞ்சு.

இவற்றோடு கட்டாயம் வேண்டியவை: கண் கண்ணாடி, கையுறை, மூக்கையும் வாயையும் நன்றாக மூடும் கவசம்.

கண்ணாடியை மறந்துவிடாதீர்கள். டைல்ஸ் சில்லு பிளேடைவிடக் கூர்மையானது. கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும்.

உஷார்! மூன்று அபாயங்கள்

மின்சாரம்: வேலை தொடங்குமுன் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். குளியல் அறை விளக்கை மட்டும் நிறுத்தினால் போதாது. சுவிட்ச் பெட்டியில் இருந்து மேலும் கீழும் பக்கவாட்டிலும் வயர் போகலாம். வெந்நீர்க் கருவி இருக்கும் சுவரில் இன்னும் ஜாக்கிரதை. பகல் வெளிச்சத்தில், கைக்கருவிகளால் மட்டும் இந்த வேலையைச் செய்யுங்கள்.

தண்ணீர்க் குழாய்: குழாய்த் திருகுக்கு நேர் மேலும் நேர் கீழும் உள்ளே குழாய் ஓடும். அங்கே உளியை ஆழமாக இறக்காதீர்கள். முன்கூட்டியே தண்ணீரை அடைத்துவிடுங்கள்.

தூசி: பள்ளிக்கூடத்தில் சிலேட்டில் எழுதிய பலப்பம் ஞாபகம் இருக்கிறதா? மத்தியப் பிரதேசத்தில் மந்தசோர் பகுதியில் பலப்பம் அறுத்த தொழிலாளர்கள் பலர், கல் தூசியைச் சுவாசித்து "சிலிக்கோசிஸ்" என்ற நுரையீரல் நோய் கண்டு, இளம் வயதிலேயே இறந்தார்கள். டைல்ஸ், சிமெண்ட், மணல் எல்லாவற்றின் தூசியிலும் அதே சிலிக்கா இருக்கிறது. ஒரு டைல்ஸ் மாற்றுவதால் அந்த நோய் வந்துவிடாது. ஆனாலும் குழந்தைகளையும், இருமல், இளைப்பு உள்ளவர்களையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். செதுக்கும்போது தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். உலர்ந்த தூசியைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள்.

நடுவில் தொடங்கி ஓரத்துக்கு!

இனி வேலை.

முதலில் தண்ணீர் போகும் துளையைத் துணியால் அடைத்துவிடுங்கள். சில்லு உள்ளே போனால் அடைப்பு ஏற்படும். தரையில் பழைய சாக்கை விரியுங்கள்.

அடுத்து, உடைந்த டைல்ஸைச் சுற்றி 4 பக்கமும் உள்ள இடுக்கை ஆக்சா பிளேடால் சுரண்டி எடுங்கள். அவசரம் வேண்டாம். அரை மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். எல்லாவற்றிலும் முக்கியமான வேலை இதுதான். ஏன்? இடுக்கில் பூச்சு இருக்கும்வரை, பக்கத்து டைல்ஸும் இதுவும் கை கோத்துக்கொண்டு நிற்கின்றன. இதில் அடித்தால் அதிலும் அடி விழும். பூச்சை எடுத்துவிட்டால் இது தனி ஆள்!

பிறகு டைல்ஸ்மேல் ஒட்டும் நாடாவைப் பெருக்கல் குறிபோல ஒட்டுங்கள். சில்லு பறக்காது.

இப்போது டைல்ஸின் நடுவில் ஆணியை வைத்து மெதுவாகத் தட்டுங்கள். சின்னக் குழி விழும். அந்தக் குழியில் உளியைச் சாய்த்து வைத்து, நடுவில் இருந்து ஓரத்தை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்து வாருங்கள்.

ஓரத்தில் உளியைக் கொடுத்து நெம்பாதீர்கள்! அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். உளி பக்கத்து டைல்ஸ்மேல் ஊன்றும். அதன் விளிம்பு பொக்கென்று போய்விடும். பிறகு ஒன்று இரண்டாகும். இரண்டு நான்காகும்.

டைல்ஸ் முழுவதும் வந்த பிறகு, பின்னால் உள்ள பழைய கலவையைச் செதுக்குங்கள். புது டைல்ஸை வைத்துப் பாருங்கள். சுற்றி உள்ள மட்டத்தைவிட அது ஒரு நூல் அளவு உள்ளே போக வேண்டும். அந்த இடம் பசைக்கு வேண்டும்.

சுவர் காயட்டும்

எடுத்த உடனே ஒட்டிவிடாதீர்கள். பல நாள் உள்ளே போன தண்ணீர் சுவரில் இருக்கும். ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் பட்ட பாடு வீண்.

ஒரு பிளாஸ்டிக் தாளை அந்தக் குழியின்மேல் வைத்து, நாடாவால் ஒட்டி, ஒரு இரவு விடுங்கள். காலையில் தாளின் உட்புறம் நீர்த்துளி அரும்பி இருந்தால், சுவர் இன்னும் காயவில்லை. தாளை எடுத்துவிட்டுக் காற்றாட விடுங்கள். அந்த நாட்களில் அந்தச் சுவரில் தண்ணீர் படாமல் குளித்துக்கொள்ளுங்கள்.

சிமெண்டா? பசையா?

புது டைல்ஸின் முதுகில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள்.

சட்டென்று உறிஞ்சினால், அது சாதாரண சுவர் டைல்ஸ். சிமெண்டில் ஒட்டும். ஆனால் ஒட்டுமுன் தண்ணீரில் ஊறப் போட வேண்டும். குமிழி வருவது நிற்கும்வரை ஊறட்டும். இல்லாவிட்டால் சிமெண்டில் உள்ள தண்ணீரை டைல்ஸ் குடித்துவிடும். சிமெண்ட் இறுகாமல் பொடியாகிவிடும்.

சொட்டு அப்படியே நின்றால், அது "விட்ரிஃபைட்" ரகம். தண்ணீரை உறிஞ்சாது. வெறும் சிமெண்ட் அதைச் சரியாகப் பிடிக்காது. அதற்குப் பசைப் பொடிதான் வேண்டும்.

ஒரே ஒரு டைல்ஸ் மாற்றுகிறவர்களுக்கு, எந்த ரகமானாலும் பசைப் பொடிதான் சுலபம். பையில் எழுதி உள்ள அளவுப்படி தண்ணீர் விட்டுக் குழையுங்கள். பசையில் ஒட்டும்போது டைல்ஸை ஊறப் போட வேண்டியதில்லை. முதுகில் உள்ள தூசியைத் துடைத்தால் போதும்.

சிமெண்டோ, பசையோ, வெறும் கையால் தொடாதீர்கள். தோல் வெந்து புண்ணாகும்.

நாலு மூலைக்கும் பசை

சிலர் இட்லி மாவு ஊற்றுவதுபோல நடுவில் ஒரு கட்டி, மூலைக்கு ஒரு கட்டி வைத்து ஒட்டிவிடுகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கட்டிகளுக்கு நடுவே காலி இடம். அங்கே வாளி பட்டால் மறுபடியும் "டமார்!"

தோசைக் கல்லில் மாவைப் பரப்புவதுபோல, முதுகு முழுவதும் பசையைப் பரப்புங்கள். 4 மூலைக்கும் போக வேண்டும். சுவரிலும் மெல்லியதாக ஒரு கை தடவுங்கள்.

பிறகு டைல்ஸை வைத்து, லேசாக அசைத்து அழுத்துங்கள். மரச் சட்டத்தைக் குறுக்கே வைத்துப் பாருங்கள். பக்கத்து டைல்ஸோடு ஒரே மட்டமாக இருக்கிறதா? சரி. சுற்றிலும் இடுக்கில் தீக்குச்சிகளைச் செருகுங்கள். 4 பக்கமும் இடைவெளி சமமாக நிற்கும். கீழே வழுக்காமல் இருக்க நாடாவால் ஒட்டி வையுங்கள். இடுக்கில் பிதுங்கிய பசையை உடனே எடுத்துவிடுங்கள்.

இடைவெளி எதற்கு, நெருக்கி ஒட்டினால் அழகாக இருக்குமே என்று சிலர் கேட்கிறார்கள். சுட்ட மண் காலப்போக்கில் ஈரத்தை வாங்கிக் கொஞ்சம் விரியும். வெயிலிலும் விரியும். இடம் இல்லாவிட்டால் ஒன்றை ஒன்று தள்ளி, ஒரு நாள் தானாகவே பெயர்ந்து விழும்.

மறுநாள் வரை தொடாதீர்கள். 24 மணி நேரம் கழித்துத் தீக்குச்சிகளை எடுத்துவிட்டு, இடுக்குப் பொடியைக் குழைத்து, விரலால் அல்ல, ரப்பர்த் துண்டால் அழுத்திப் பூசுங்கள். அரை மணி நேரத்துக்குள் ஈரப் பஞ்சால் குறுக்காகத் துடையுங்கள். நேராகத் துடைத்தால் பூசியது வெளியே வந்துவிடும். மேலும் ஒரு நாள் தண்ணீர் படாமல் இருக்கட்டும். முடிந்தது வேலை!

யார் கையைக் கூப்பிட வேண்டும்?

எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டும் என்பது இல்லை. உள்ளே குழாய் கசிந்தாலோ, வயர் தென்பட்டாலோ, டைல்ஸில் குழாய்க்கு வட்டமாகத் துளை வெட்ட வேண்டி இருந்தாலோ, பழகிய ஆளைக் கூப்பிடுங்கள். சுவரைத் தொட்டால் சுருக்கென்று மின்சாரம் தாக்கினால், அந்த அறைக்குள்ளேயே போகாதீர்கள். மெயினை நிறுத்திவிட்டு எலெக்ட்ரீசியனை அழையுங்கள். மின்சாரம் கசிந்தால் தானாகவே நிறுத்தும் கருவி ஒன்று இருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கு உரிய அந்தக் கருவியை மெயின் பெட்டியில் பொருத்திக்கொள்வது குடும்பத்துக்கே பாதுகாப்பு.

கொத்தனாரைக் கூப்பிட்டாலும், மேலே சொன்னவை உங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது. "அண்ணே, இடுக்கை முதலில் சுரண்டிவிடுங்கள். பசையை முதுகு முழுக்கத் தடவுங்கள்" என்று பக்குவமாகச் சொல்லலாம். அவரும் சந்தோஷமாகச் செய்வார்.

மத்தியப் பிரதேசத்தில் உள்ள குவாலியர் கோட்டையில் "மான் மந்திர்" என்ற அரண்மனை இருக்கிறது. 1486 முதல் 1516 வரை ஆண்ட மான் சிங் தோமர் கட்டியது. அதன் வெளிச்சுவரில் பதித்த நீல நிற ஓடுகள் பல, 500 வருஷ வெயிலையும் மழையையும் தாண்டி இன்னும் இருக்கின்றன. நன்றாகப் பதித்த ஓடு தலைமுறைகளுக்கு நிற்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

புது வீடு கட்டுகிறவர்கள் ஒவ்வொரு ரகத்திலும் 5 அல்லது 6 டைல்ஸைப் பெட்டியோடு பரணில் எடுத்து வையுங்கள். பெட்டியில் உள்ள நிற எண்ணை வீட்டுக் கணக்கு நோட்டில் எழுதி வையுங்கள்.

மற்றவர்கள், ஒரு மரக்கரண்டியை எடுத்துக்கொண்டு போய், குளியல் அறைச் சுவரை ஒரு முறை தட்டிப் பாருங்கள்!